பிளாக் ஸ்டைலுக்கு நிபந்தனை வைப்பது எங்கே: பிஎச்பியிலா, ஜாவாஸ்கிரிப்டிலா, தீம்.ஜேசனிலா?

ஈரோட்டு மஞ்சள் வணிகர் ஒருவருக்காக நான் கோவையிலிருந்து பராமரித்துவரும் வேர்ட்பிரஸ் தளத்தில், அன்றாடச் சந்தை நிலவரம் அட்டவணையாக வெளியாகிறது. விரலிக்கும் கிழங்குக்கும் குவிண்டாலுக்குக் குறைந்த விலை என்ன, அதிக விலை என்ன என்று நான்கைந்து வரிகள்தான். அதற்கென்றே மஞ்சள் தலைப்பட்டையோடு ஒரு பிளாக் ஸ்டைலை, அதாவது பக்கத்தின் ஒரு துண்டான பிளாக்குக்கு எடிட்டரில் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு தோற்றத்தை, உருவாக்கியிருந்தேன். செய்திக் கட்டுரை எழுதுபவர்களும் அதையே எடுத்துப் போடத் தொடங்கியதால், விலைப் பதிவைத் திருத்தும்போது மட்டுமே அந்த ஸ்டைல் எடிட்டரில் தெரிய வேண்டும் என்ற தேவை எழுந்தது.

முதலில் நான் எடுத்தது, சர்வரில் ஓடும் பிஎச்பி வழி. ஸ்டைலைப் பதிவு செய்ய, 2019இல் வெளியான வேர்ட்பிரஸ் 5.3 பதிப்பிலிருந்தே ரெஜிஸ்டர்_பிளாக்_ஸ்டைல் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. வேர்ட்பிரஸ் தொடங்கும்போது ஓடும் இனிட் ஹுக்கில் (ஹுக் என்பது நம் நிரலைச் செருகும் இடம்) அதை அழைப்பது வழக்கம். ஆனால் இனிட் ஓடும் நேரத்தில் எந்தத் திரை, எந்தப் பதிவு வகை (விலைப் பதிவா, செய்திக் கட்டுரையா) என்ற தகவல் உருவாகியிருக்காது. ஆகவே, பதிவு வகைக்குப் பதிலாக, விலை பதிவேற்றும் பணியாளருக்குரிய அனுமதி இருக்கிறதா என்று பார்த்து ஸ்டைலைப் பதிவு செய்தேன். லாகின் செய்திருந்த எனக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. வணிகர் தம் கைப்பேசியில் திறந்து பார்த்தபோது பட்டையும் இல்லை, கோடும் இல்லை, வெறும் எண்கள்தான் இருந்தன. தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸை, ஸ்டைலைப் பதிவு செய்யும் அந்த அழைப்புக்குள்ளேயே இன்லைன்_ஸ்டைல் என்ற அளவுருவில் வைத்திருந்தேன். வாசகருக்கு அனுமதி இல்லாததால் அவர் பக்கத்தைத் திறக்கும்போது ஸ்டைல் பதிவாகவில்லை, சிஎஸ்எஸ்ஸும் வரவில்லை. தவறு முழுக்க என்னுடையது. எடிட்டரில் தேர்வாகக் காட்டுவதற்கான நிபந்தனையை, வெளியான பக்கத்தின் தோற்றத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். ஒரு பிளகின் இயங்குகிறதா என்பதுபோல யார் திறந்தாலும் விடை மாறாத நிபந்தனை என்றால், பிஎச்பி வழியில் குறையேதும் இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் வழியில் ஸ்டைலைப் பதிவு செய்வது எடிட்டருக்குள் மட்டுமே நடக்கிறது. எடிட்டருக்கான கோப்புகளை ஏற்றும் எங்க்யூ_பிளாக்_எடிட்டர்_அசெட்ஸ் ஹுக் ஓடும்போது திரையின் பதிவு வகை தெரிந்துவிடுகிறது. அது விலைப் பதிவாக இருந்தால் மட்டும் ரெஜிஸ்டர்பிளாக்ஸ்டைல் அழைப்பு உள்ள சிறிய கோப்பை ஏற்றினால் போதும். ஒரு குறை உண்டு: முழுத் தளத்தின் அமைப்பையும் திருத்தும் தள எடிட்டரில் பக்கம் மறுபடி ஏறாமலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியும் என்பதால், ஏற்றும் நேரத்தில் ஒருமுறை பார்த்த நிபந்தனை அங்கே செல்லாது. அங்கேயும் வேண்டுமென்றால், எடிட்டரின் தரவுக் கிடங்கைக் கவனித்து, பதிவு வகை மாறும்போதெல்லாம் ஸ்டைலைச் சேர்க்கவும் நீக்கவும் வேண்டியிருக்கும். எங்கள் பணியாளர்கள் தள எடிட்டருக்குள் போவதே இல்லை என்பதால் அந்தச் சிக்கலுக்குள் நான் இறங்கவில்லை.

2024இல் வந்த 6.6 பதிப்பு முதல், தீமின் (தளத்தின் தோற்றத் தொகுப்பின்) ஸ்டைல்ஸ் கோப்புறையில் தீம்.ஜேசன் வடிவிலான ஒரு ஜேசன் கோப்பை வைத்தே பிளாக் ஸ்டைலை வரையறுக்கலாம். எழுதுவதற்கு இதுவே ஆகச் சுலபம். எந்தெந்த பிளாக்குக்கு என்று அதில் சொல்லலாம், எந்தப் பதிவு வகைக்கு என்று சொல்ல அந்தக் கோப்பில் இடமில்லை. தளம் முழுவதும் பொதுவாகத் தெரிய வேண்டிய ஸ்டைல்களுக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

இப்போது சிஎஸ்எஸ்ஸை எந்த நிபந்தனையும் இல்லாமல் டபிள்யூபி_எங்க்யூ_பிளாக்_ஸ்டைல் என்ற ஃபங்ஷன் வழியாக அட்டவணை பிளாக்கோடு இணைத்துவிட்டு, ஸ்டைலைப் பதிவு செய்வதை மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் நிபந்தனையோடு வைத்திருக்கிறேன். ஆனால் ஏற்கெனவே அந்த ஸ்டைலைப் போட்டிருந்த பழைய செய்திக் கட்டுரைகளில் மஞ்சள் பட்டை அப்படியேதான் இருந்தது. ஸ்டைல் என்பது பிளாக்கின் மேல் ஏறும் ஒரு கிளாஸ் பெயர் மட்டுமே. ஸ்டைல் பதிவாகாவிட்டாலும் பிளாக் பழுதாவதில்லை, அந்தப் பெயரும் அழிவதில்லை. ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து, கூடுதல் சிஎஸ்எஸ் கிளாஸ் கட்டத்திலிருந்து அதைக் கையால்தான் எடுத்தேன்.