குதிரைவீரன் மினியேச்சர் வாங்குவோர் கவனத்திற்கு: 9,400 ரூபாய்க்கு எனக்கு வந்த நகல் வார்ப்பு

புதுச்சேரியிலோ கடலூரிலோ இருந்துகொண்டு, மினியேச்சர் படைவீரர்களை வரவழைத்துப் பொருத்தி வண்ணம் பூசும் பழக்கம் உள்ளவர்கள், அடுத்த ஆர்டருக்குப் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் கவசக் குதிரைவீரன் ஒருவனின் ரெசின் கிட்டுக்காக (பிசினில் வார்த்த பாகங்களை நாமே ஒட்டிச் சேர்க்கும் பெட்டி), சமூக வலைத்தளத்தில் இயங்கும் ஒரு விற்பனைப் பக்கத்துக்கு 9,400 ரூபாய் அனுப்பினேன். வந்து சேர்ந்தது அசல் பொருளும் அல்ல, முழுப் பொருளும் அல்ல. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு இன்றுவரை ஒழுங்கான ஒரு பதில்கூட இல்லை.

இதை நான் எனக்காக வாங்கவில்லை. என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற சொல்தா. ஒவ்வோர் ஆண்டும் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அன்று பதக்கங்களை அணிந்துகொண்டு, கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவிடத்துக்குப் போய்வருபவர். எஃகு மார்க்கவசமும், குதிரைமுடி தொங்கும் தலைக்கவசமும் அணிந்த குய்ராசியே வீரன் ஒருவனைத் தம் அலமாரியில் வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இந்த ஜூலை 14-க்குள் அதைச் செய்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நேரு வீதிப் பக்கம் உள்ள பொம்மைக் கடைகளில் இதெல்லாம் கிடைக்காது என்பதால்தான் இணையத்தில் தேட வேண்டியதாயிற்று.

விற்றவர் வேறு மாநிலத்தவர். ஆனால் நன்றாகத் தமிழ் பேசினார். பணம் கேட்பதில் அவர் அவசரமே காட்டவில்லை. 75 மில்லிமீட்டர் அளவு என்றால் உண்மையான ஆளின் உயரத்தில் ஏறத்தாழ 1/24 பங்கு என்று விளக்கினார். முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரையின் பாரம் முழுவதும் பின்னங்கால்களில் இறங்கும் என்பதால், துளை போட்டுக் கம்பி செருகாமல் அடித்தளத்தில் நிறுத்தக் கூடாது என்றார். “குதிரையோட ரெண்டு பாதியையும் முதல்ல ஒட்டி, இணைப்புக் கோட்டை எம்-சீல் வச்சு அடைச்சிடுங்க சார். ஆளை மட்டும் சேணத்துல ஒட்டிடாதீங்க. தனியா பெயின்ட் அடிச்சு முடிச்சிட்டு, கடைசியில உட்கார வைங்க” என்று தொலைபேசியில் அவர் சொன்னபோதுதான் என் தயக்கம் முழுவதும் போனது. அது சரியான யோசனை. முதலிலேயே ஒட்டிவிட்டால் தொடைக்கும் சேணத்துக்கும் இடையில் தூரிகை நுழையாது. இந்த வேலையில் கைபழகியவர்தான் அப்படிச் சொல்ல முடியும். போதாததற்கு, பாகங்களை ஒரு துணியில் பரப்பி, என் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டை அவற்றின் நடுவில் வைத்துப் புகைப்படமும் அனுப்பினார். அன்று மாலையே 9,400 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பிவிட்டேன்.

பார்சல் தாமதமில்லாமல்தான் வந்தது. ஆனால் பிரித்துப் பார்த்தபோது, புகைப்படத்தில் இருந்த பாகங்கள் அவை அல்ல என்பது மேசைமேல் வைத்த உடனேயே தெரிந்துவிட்டது. குதிரையின் இரண்டு பாதிகளையும் பசை போடாமல் சேர்த்துப் பிடித்தால் முதுகில் பொருந்துகிறது, வயிற்றுப் பக்கம் கட்டைவிரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்கிறது. வீரனைச் சேணத்தின்மேல் வைத்தால் தொடைகள் விரிந்து இறங்காமல், சேணத்தின் விளிம்பிலேயே தட்டி நிற்கின்றன; கால் வைக்கும் வளையமான அங்கவடியோ பாதத்துக்குக் கீழே எங்கேயோ தொங்குகிறது. மார்க்கவசத்தின் விளிம்பு நெடுகப் பித்தளைத் தறையாணிகளின் குமிழ்கள் வரிசையாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் காற்றுக் குமிழி வெடித்த குழிகள்தான் அம்மைத் தழும்பு போல இருக்கின்றன. பின்னங்கால் முழங்கணுவில் இருந்த ஒரு குமிழி, நான் தூசி துடைக்கும்போதே உடைந்து, கால் இரண்டாகிவிட்டது. கடிவாளத்துக்கான மெல்லிய உலோகத் தகடு பெட்டியிலேயே இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது வாள். குய்ராசியே வீரர்கள் ஏந்தியது நேரான, நீண்ட வாள்; 1815-இல் வாட்டர்லூவில் பிரிட்டிஷ் சதுர அணிகளின்மேல் திரும்பத் திரும்பப் பாய்ந்தபோது அவர்கள் கையில் இருந்தது அதுதான். எனக்கு வந்த பெட்டியில் இருந்ததோ ஹுஸார் போன்ற இலகு குதிரைப்படையினருக்குரிய வளைந்த வாள். வேறு ஏதோ ஒரு கிட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இதைப் பெரியப்பாவிடம் கொடுத்தால், வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன்பே வாளைப் பார்த்துவிடுவார்.

இது நகல் வார்ப்பு. மூல நிறுவனத்தின் பாகங்களை வாங்கி, அவற்றின்மேல் சிலிகோன் ரப்பரில் அச்சு எடுத்து, அதில் மலிவான ரெசினை ஊற்றிப் பெருக்கி விற்பது. ரெசின் இறுகும்போது சிறிதளவு சுருங்கும். நகலிலிருந்து மீண்டும் நகல் எடுக்க எடுக்க அந்தச் சுருக்கமும் கூடும், நுணுக்கங்களும் மழுங்கும். தனியாக நிற்கும் காலாள் வீரன் என்றால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். குதிரைவீரனில் மறைக்கவே முடியாது. குதிரையின் பாதிகள், சேணம், தொடை, அங்கவடி எல்லாமே ஒன்றோடொன்று அளவு ஒத்துப்போனால்தான் உட்கார முடியும்.

படங்களோடு புகார் அனுப்பியதும், “ஸ்டாக் செக் பண்ணிட்டுச் சொல்றோம்” என்று பதில் வந்தது. பிறகு, ரெசின் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்றும், வெந்நீரில் போட்டு வளைத்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். வெந்நீர் கோணிய வாளை நிமிர்த்தும். சுருங்கிப்போன குதிரையை வளர்க்குமா? அதன்பின், பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார். அந்த நிபந்தனையை விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே என் பெயர்ச்சீட்டு வைத்து எடுத்தனுப்பிய படத்தையும், என் மேசையில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன, பதில் வரவில்லை. அடுத்த முறை அழைத்தபோது எண்ணைத் தடுத்துவிட்டிருந்தார். அந்தப் பக்கத்தில் நான் இட்ட கருத்தும் நீக்கப்பட்டுவிட்டது. அதே துணி, அதே பாகங்கள் உள்ள படத்தோடு வேறொருவருக்கான விற்பனை அறிவிப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது.

வலைத்தளத்தின் உதவிப் பிரிவோ, பணம் தங்கள் வழியாகப் போகாததால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று ஓர் ஆயத்தப் பதிலை அனுப்பியது. வங்கியில் கேட்டால், நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணம் என்கிறார்கள். ஆக, 9,400 ரூபாய்க்கு யாரும் பொறுப்பில்லை. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லியிருக்கிறேன். 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இப்படிப்பட்ட பக்கங்களில் அந்த அலுவலரின் பெயரே இருப்பதில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. பாகங்களைப் பரப்பி எடுத்த படத்தை ஏற்காதீர்கள்; குதிரையின் பாதிகளைப் பசையில்லாமல் சேர்த்து, வீரனை மேலே உட்கார வைத்து, பக்கவாட்டிலும் கீழிருந்தும் எடுத்த வீடியோவைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே யுபிஐயில் அனுப்பாதீர்கள். பார்சலின் ஒட்டுநாடாவை வெட்டுவதிலிருந்து வீடியோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்தால் விற்றவரோடு பேசிக்கொண்டிருக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள்; தாமதித்தால் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். நெளிந்த சாம்பல் நிறத் துணியில் பரப்பிய குய்ராசியே பாகங்களின் படம் உங்களுக்கும் வந்திருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் எனக்குத் தெரிவியுங்கள். என் புகார் எண்ணைத் தருகிறேன்.