ராக்கா, பஸ்ஸா?

தட்டை வீசிக் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில் நடுத்தூர வீச்சுக்கு நீண்ட காலமாகப் பேர்பெற்ற தட்டுகள் இரண்டு: இன்னோவா நிறுவனத்தின் ராக், டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (நாம் ஏறும் பஸ் இல்லை, வண்டின் ரீங்காரம்).

கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரியும். ராக்கின் அடிவிளிம்பில் மணிபோல் ஒரு மேடு ஓடுகிறது. விரலுக்கு அது பிடிமானம். சிலருக்கு அதுவே உறுத்தல். பஸ்ஸில் மேடு கிடையாது, வழவழப்பாகக் கையை விட்டுப் போகும்.

வலக்கை பேக்ஹேண்ட் வீச்சில் பஸ் ஏறக்குறைய நேராகப் போய், கடைசியில் லேசாக இடப்பக்கம் சாயும். விலகல் எண் (வேகமாகப் போகும்போது திரும்பும் அளவு, கழித்தல் என்றால் வலப்பக்கம்) -1, முடிவுச் சாய்வு (கடைசியில் இடப்பக்கம் சாயும் அளவு) 1. ராக்குக்கு இவை 0, 3. அதாவது கடைசியில் அழுத்தமாக இடப்பக்கம் இறங்கும். எதிர்காற்றிலும் எளிதில் புரளாது.

ஆனால் அந்த எண்கள் புதுத் தட்டுக்குத்தான். டிஎக்ஸ் என்ற சீக்கிரம் தேயும் பிளாஸ்டிக்கில் செய்த ராக் மரத்தில் அடிபட்டுத் தேயத் தேய நேராகப் பறக்கும், அப்புறம் வலப்பக்கமும் திரும்பும். அதனால் புதுசு, அரைப்பழசு, பழசு என மூன்று ராக்கைப் பையில் வைத்திருப்பவர்கள் உண்டு. இசட் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் செய்த பஸ் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

புதிதாக ஆடுபவர் கேட்டால், சரி, பஸ்ஸையே வாங்குங்கள் என்பேன்.