மாங்கூழ் ஆலையில் ஓர் ஊடுருவல் சோதனை: சேவை குறித்த மதிப்பீடு

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளில் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். எங்களிடம் கூழ் வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, கணினிப் பாதுகாப்பை வெளியார் சோதித்த அறிக்கை வேண்டும் என்று கேட்டதால், பெங்களூரில் இயங்கும் ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனத்திடம் ஊடுருவல் சோதனையையும் (அனுமதியோடு, தாக்குபவரைப் போலவே உள்ளே நுழைய முயன்று ஓட்டைகளைக் கண்டறிவது) அதன் பின்னான ஆலோசனையையும் ஒப்படைத்தோம். ரகசியக் காப்பு ஒப்பந்தம் நடப்பில் இருப்பதால் அந்தப் பாதுகாப்பு நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கை நிறுவனங்களின் பட்டியலிலிருந்துதான் விலைப்புள்ளிகளைக் கேட்டோம். மிகக் குறைந்த விலைப்புள்ளியைப் படித்துப் பார்த்தபோது, தெரிந்த ஓட்டைகளைத் தானாகத் தேடும் ஸ்கேனர் மென்பொருளை ஓடவிட்டு, அது தரும் பக்கங்களை அப்படியே அச்சிட்டுக் கொடுக்கும் வேலை மட்டுமே என்பது தெரிந்தது. ஸ்கேன் பயனற்றது அன்று. ஆனால் அதை ஊடுருவல் சோதனை என்று விற்பது நியாயமில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கூடுதல் கட்டணம் கேட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எதை மனிதர் செய்வார், எதை மென்பொருள் செய்யும் என்பதையும் எழுத்தில் கொடுத்தார்கள்.

வேலை தொடங்கும் முன், எந்தெந்த முகவரிகளை எந்த நேரத்தில் சோதிக்கலாம், ஏதேனும் நின்றுபோனால் யாரை அழைப்பது என்பதையெல்லாம் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டோம். உரிமையாளரின் அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு தடை செய்வதால், இந்தத் தாள் இல்லாமல் எந்தச் சோதனையாளரையும் உள்ளே விடக்கூடாது. கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. என்ற சிறு கட்டுப்பாட்டுக் கணினிகளின் மீது ஸ்கேன் நடத்தமாட்டோம், பழைய கருவிகள் அதைத் தாங்காமல் நின்றுவிடக்கூடும் என்று அவர்களே முன்வந்து சொன்னார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் அருமை தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கை எனக்கு அங்கேதான் பிறந்தது.

அவர்கள் கண்டுபிடித்தவற்றில் முதன்மையானது, மண்டி முகவர்கள் தங்கள் நிலுவைத் தொகையைப் பார்ப்பதற்காக நாங்கள் வைத்திருக்கும் இணையப் பக்கத்தில் இருந்தது. ஒரு முகவர் தம் கடவுச்சொல்லுடன் உள்ளே நுழைந்தபின், முகவரிப் பட்டையில் இருக்கும் எண்ணை மாற்றினால் போதும், அடுத்த முகவரின் பில்லும் வங்கிக் கணக்கு விவரமும் திறந்துவிடும். அணுகல் கட்டுப்பாட்டில் வரும் இவ்வகைக் குறையைத்தான், இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு, முக்கிய ஆபத்துகளைத் தொகுத்த தன் 2021-ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடத்தில் வைத்தது. எந்தப் பில் யாருக்கு உரியது என்பது ஸ்கேனருக்குத் தெரியாது. சர்வர் ஒழுங்காகப் பதில் தருவதாகவே அது எண்ணிக்கொள்ளும். இரண்டு முகவர்களின் பெயரில் சோதனைக் கணக்குகளைக் கேட்டு வாங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றை எட்ட முடிகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்ததால்தான் இது வெளியே வந்தது. கொடுத்த பணத்துக்கு இது ஒன்றே போதும் என்பது என் கருத்து.

அடுத்தது எடைமேடைக் கணினி. 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7-இல் ஓடும் அது, கணக்குப் பிரிவின் சர்வரோடு ஒரே வலையில் இணைந்திருந்தது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவப் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தமும் அதில் நிறுவப்படவில்லை. அந்தக் கணினியைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எடைமேடை மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது என்பதைக் கேட்டறிந்து, அதைத் தனி வலைப்பிரிவில் ஒதுக்கி, எடைச்சீட்டு சர்வருக்குச் செல்லும் ஒரே வழியை மட்டும், வலைகளுக்கு இடையிலான போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பயர்வாலில் திறந்துவைக்கச் சொன்னார்கள். மாம்பழ லாரிகள் வரிசையில் நிற்கும் காலத்திலும் வேலை தடைபடாத தீர்வு அது.

அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் அதன் தீவிரத்தைப் பத்துக்கு இத்தனை என்று காட்டும் சி.வி.எஸ்.எஸ். மதிப்பெண் இருந்தது. மதிப்பெண் குறைவாக இருந்தாலும் எங்கள் தொழிலுக்கு ஆபத்தானவற்றைத் தனியே மேலேற்றிக் காட்டியிருந்தார்கள். போலி மின்னஞ்சல்களைத் தடுக்கும் டிமார்க் விதி எங்கள் மின்னஞ்சல் முகவரியில் எதையும் தடுக்காத வெறும் கண்காணிப்பு நிலையில் கிடந்தது அப்படி ஒன்று. வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று எங்கள் பெயரில் ஒரு கடிதம் வாங்குவோருக்குப் போனால், ஒரு கன்டெய்னருக்கான பணம் முழுவதும் வேறு கைக்குப் போய்விடும். சைபர் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற செர்ட்-இன் அமைப்பின் 2022-ஆம் ஆண்டு உத்தரவையும், பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐயும் கணக்குப் பிரிவினருக்குத் தமிழிலேயே விளக்கினார்கள்.

குறைகளும் உண்டு. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், திருத்தங்களைச் செய்ய வேண்டிய எங்கள் எலக்ட்ரீஷியனும் எடைமேடை ஊழியரும் அதைப் படிக்க முடியவில்லை. அவர்களுக்குரிய பகுதியை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். குறைகளைத் திருத்தியபின் செய்யும் மறுசோதனை ஒருமுறைதான் கட்டணத்தில் அடங்கும் என்பது, எங்களைப் போன்று மென்பொருளை வெளியாரிடம் எழுதி வாங்கும் ஆலைகளுக்குப் போதாது. விலைப்புள்ளி வாங்குவோர் இரண்டாம் மறுசோதனைக்கான தொகையை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளட்டும். சோதனைக்கான நாளையும், சித்திரையில் மாம்பழ சீசன் தொடங்குவதற்கு முன்பாக, தை மாசியில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.