சிலிண்டர் மாட்ட மடிப்பு மேசையா, அலுமினிய மேடையா?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாகத் தொண்டிப் பக்கமோ, ராமேஸ்வரமோ சொந்த ஸ்கூபா (கடலடியில் மூச்சுவிட்டு நீந்தும்) சாமான்களோடு காரில் போகிறவர்களுக்குக் கரையில் முதல் தலைவலி, காற்றுச் சிலிண்டரை எதன் மேல் வைத்து முதுகில் மாட்டுவது என்பதுதான். மணலில் உட்கார்ந்து மாட்டினால் ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மணல் ஏறும், எழும்போது முதுகு பிடிக்கும்.

நம்மூரில் எளிதாகக் கிடைப்பவை இரண்டு: கேட்டரிங்காரர்கள் போடும் பிளாஸ்டிக் மடிப்பு மேசை, பெயிண்டர்கள் ஏறி நிற்கும் அலுமினிய மடிப்பு மேடை. என் ஓட்டு மேடைக்கு.

மேசையில் மாஸ்க், கேமரா பரப்ப இடம் தாராளம். ஆனால் உயரம் சுமார் 74 செ.மீ. காற்று நிரம்பிய அலுமினியம் 80 சிலிண்டரே (பரவலாகப் புழங்கும் அளவு) சுமார் 17 கிலோ வரும். பிசிடி (சிலிண்டரைத் தாங்கும், காற்றடைக்கும் மேலங்கி), ரெகுலேட்டர் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். இன்னொருவர் பிடிக்காமல் அந்த உயரத்தில் அதை நிறுத்தவே கூடாது. சாய்ந்து விழுந்தால் அடி வால்வுக்குத்தான்.

மேடை சுமார் 50 செ.மீ. உயரம், உட்கார்ந்து மாட்டத் தோதானது. அகலம்தான் குறை: பல மேடைகள் 30 செ.மீ.தான். சிலிண்டரே 18 செ.மீ. எடுத்துக்கொள்ளும், உட்கார மிச்சம் 12. அதனால் மேடையின் நீளவாக்கில் கால்களை இருபுறமும் போட்டு உட்காருங்கள். சிலிண்டர் முதுகுக்குப் பின்னால் நிற்கட்டும். மாட்டி முடிக்கும்வரை ஒரு பட்டையால் அதை மேடையோடு கட்டிவையுங்கள். 150 கிலோ தாங்கும் என்று அச்சிட்டதையே வாங்குங்கள். ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோவை எளிதில் தொடும்.

முடிவைத் தீர்மானிப்பது உப்பு. மேசையின் கால் இரும்புக் குழாய். மடியும் இடத்தில் பெயிண்ட் உரிந்ததும் துரு குழாயின் உள்ளே ஓடும், வெளியே தெரியாது. ஈரத்தோடு வீட்டுக்குள் வைத்தால் ஆத்தங்குடிக் கல்லில் துருக்கறை நிற்கும், தேய்த்தாலும் போகாது. மேடையிலும் வினை உண்டு: இரும்பு ரிவெட் உப்புநீரில் அலுமினியத்தைத் தொட்டிருந்தால், அரிபடுவது அலுமினியம். ஆனால் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பிக் கீல் இறுகும்; முன்கூட்டியே கண்ணில் படும். அந்த ரிவெட்டைத் துளைத்தெடுத்து, 316 ஸ்டெயின்லெஸ் (உப்பைத் தாங்கும் எஃகு வகை) போல்ட்டை நைலான் வாஷரோடு போட்டால் அரிப்பு வெகுவாகக் குறையும். வாஷரை விட்டுவிட்டால் ஸ்டெயின்லெஸ்ஸும் அதே வேலையைத்தான் செய்யும்.

வீடு திரும்பியதும் பின்கட்டில் வைத்து நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கால்களின் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கவிழ்த்தால் உள்ளே தேங்கிய உப்புநீரும் மணலும் கொட்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். காய்ந்தபின் கீலில் சிலிக்கான் கிரீஸ் போதும். பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம், அது சாமானின் ரப்பரில் ஒட்டிக் கெடுக்கும்.

இளகிய மணலில் இரண்டுமே புதையும். ஒவ்வொரு காலடியிலும் 15 செ.மீ. சதுர மரைன் பிளைவுட் துண்டு வையுங்கள்.