மூலப் பட்டியல் ஒன்று, பகிரும் தளங்கள் பல: சுட்டிகளோடு நீண்ட நாள் பழக்கம்

இணையச் சுட்டிகளைச் சேமித்துப் பகிர உதவும் எந்த புக்மார்க் தளமும் ஒருநாள் மூடப்படலாம் என்ற நினைப்போடுதான் சுட்டிகளைச் சேர்க்கத் தொடங்க வேண்டும். 2003இல் வந்த டெலிஷியஸ் என்ற தளம் பல கை மாறி, 2017இல் பின்போர்டு என்ற இன்னொரு புக்மார்க் தளத்திடம் போனதும் புதிதாக எதையும் சேர்க்க முடியாமல் நின்றுபோனது. கூகுள் புக்மார்க்ஸ் 2021இல் போனது, பாக்கெட் 2025 ஜூலையில். ஆகவே எல்லாச் சுட்டிகளும் உள்ள மூலப் பட்டியலை ஒரே தளத்தில் வைத்துக்கொண்டு, மற்றவற்றில் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் பகிர்வதே நல்லது. மூலப் பட்டியலுக்கு ரெயின்டிராப் அல்லது பின்போர்டு பொருந்தும். கட்டுரையின் வரிகளைக் குறித்துக்கொண்டே படிப்பவர்களுக்கு டீகோ.

மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் எடுத்து, அதாவது சுட்டிகளை ஒரு கோப்பாக இறக்கி வையுங்கள். பெரும்பாலான தளங்கள் தரும் எச்டிஎம்எல் கோப்பு நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவியின் காலத்து வடிவம்தான். முகவரியும் தலைப்பும் அதில் பத்திரமாக வரும். வகைப்படுத்த நாம் இடும் குறிச்சொற்களும் (டேக்) ‘தனிப்பட்டது’ என்ற அடையாளமும் பிற்பாடு தளங்கள் சேர்த்துக்கொண்டவை. ஏற்றும் தளம் அந்த அடையாளத்தைக் கண்டுகொள்ளாவிட்டால், மறைத்து வைத்த சுட்டிகள் எல்லோர் கண்ணுக்கும் வந்துவிடும். அதனால் ஐந்தாறு சுட்டிகள் மட்டும் உள்ள கோப்பை முதலில் ஏற்றி, லாக்அவுட் செய்துவிட்டு உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

தமிழில் குறிச்சொல் வைத்தால் இரண்டு சிக்கல்கள் வரும். பின்போர்டில் இடைவெளி விட்டால் அடுத்த குறிச்சொல் தொடங்கிவிடும். ‘தமிழ் இலக்கணம்’ இரண்டாக உடையும், நடுவே அடிக்கோடு போட வேண்டும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. ‘தொ’வில் உள்ள உயிர்க்குறியை, கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் உள்ளிடலாம். இரண்டையும் ஒன்றாகக் கருதாத தளத்தில் ‘தொழில்நுட்பம்’ இரண்டு தனிக் குறிச்சொற்களாக நிற்கும். ஒன்றைச் சொடுக்கினால் மற்றதில் உள்ள சுட்டிகள் வராது. தட்டச்சு செய்யாமல், தளம் காட்டும் பழைய குறிச்சொல்லையே தேர்ந்தெடுப்பதுதான் இதற்கு வழி.

பகிரும் முன் முகவரியைச் சுத்தம் செய்யுங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் யூடிஎம் (utm) என்று தொடங்குபவை, பேஸ்புக் ஒட்டிவிடும் நீண்ட எழுத்துக்கோவை, யூடியூப் பகிர்வில் வரும் ‘எஸ்ஐ’ (si) எல்லாம் நம்மைக் கண்காணிக்க ஒட்டப்படும் வால்கள், வெட்டிவிடலாம். ஆனால் கேள்விக்குறியோடு மொத்தமாக வெட்டாதீர்கள். யூடியூபின் முழு முகவரியில் காணொளியின் அடையாளமே அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. வெட்டியதைத் தனி விண்டோவில் திறந்து பார்த்துவிட்டே பகிருங்கள். சுருக்கிய சுட்டிகளை விரித்துச் சேமியுங்கள், சுருக்கும் சேவை மூடினால் போகுமிடமே தெரியாது.

‘சுட்டி உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று திறந்துவிடப்பட்ட ஆவணங்களைப் பொதுப் பட்டியலில் போடவே கூடாது. அவற்றுக்கு அந்த முகவரிதான் சாவி. உள்ளே இருப்பது பெரும்பாலும் மற்றவர்களின் விவரம்.

ஒரே சுட்டியை எல்லாத் தளங்களிலும் ஒரே நாளில் கொட்டுவதாலும் பயனில்லை. பல தளங்கள் வெளிச்சுட்டிகளுக்கு நோஃபாலோ (தேடல் தரவரிசையில் இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற குறி) இடுகின்றன, தேடலில் முன்னேற்றம் எதிர்பார்க்க முடியாது. ஸ்பேம் என்று கணக்கு முடக்கப்படுவதுதான் மிச்சம். அந்தத் தள வாசகர்களுக்கு ஏன் பயன்படும் என்று இரண்டு வரி எழுத முடிந்தால் மட்டும் பகிருங்கள். சொந்தப் படைப்பென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

முக்கியமான பக்கங்களைச் சேமிக்கும்போதே, இணையப் பக்கங்களின் பிரதிகளைக் காக்கும் வேபேக் மெஷினிலும் ஒரு பிரதி எடுத்து, அதன் முகவரியைக் குறிப்புப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். மூலப்பக்கம் செத்தபின் தேடினால் பிரதி கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைத்தால் பழைய சுட்டியை அழிக்காமல் பிரதியின் முகவரிக்கு மாற்றி, பகிர்ந்த இடங்களிலும் திருத்துங்கள்.