மூன்று வருடம், ஒரு இன்குபேட்டர், நிறையக் காடைகள்

மேசைமேல் வைக்கிற சின்ன இன்குபேட்டர்தான். உள்ளே காற்றாடி உண்டு, முட்டையைத் தானே திருப்பும். மூன்று வருடத்தில் 11 தடவை அடை வைத்திருக்கிறேன், பெரும்பாலும் ஜப்பானியக் காடை.

முதல் தடவை 24 முட்டை, 9 குஞ்சு. 17, 18 நாளில் பொரிய வேண்டியவை 20ஆம் நாள்தான் வெளியே வந்தன. மிச்சத்தைக் கூமுட்டை என்று விற்றவர்மேல் பழிபோட்டேன். பிறகு காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தபோதுதான் குட்டு உடைந்தது: திரையில் 37.6, நிஜத்தில் 36.8. அன்றிலிருந்து திரையை நம்புவதில்லை.

அடுத்த பாடம் மூடி. 15ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, அதுவரை 45-50 சதவீதமாக இருந்த ஈரப்பதத்தை 65-70க்கு ஏற்றி மூடினால், பொரிந்து முடியும்வரை திறக்கக் கூடாது. நான் திறந்தேன். பொரிந்த நாலைந்து பசியோடு இருக்குமே என்ற பரிதாபம். ஈரக்காற்று வெளியேறியதும், ஓட்டைக் கொத்திவிட்டு உள்ளே காத்திருந்த குஞ்சுகள்மேல் சவ்வு காய்ந்து ஒட்டிக்கொண்டது. ஆறு போயின. பொரிந்த குஞ்சுக்கு வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள்கருவே ஒரு நாளுக்குத் தாராளம். பரிதாபம் தேவையே இல்லை.

இயந்திரத்தைவிடப் புரூடரின் (பொரிந்த குஞ்சுகளை விளக்குச் சூட்டில் வளர்க்கும் பெட்டி) முதல் வாரம்தான் கஷ்டம். ஏழெட்டு கிராம் குஞ்சு, தண்ணீர் வைக்கும் சின்ன மூடியிலேயே மூழ்கிச் சாகும். கோலிக்குண்டு போட்டு வைக்கிறேன். செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி அகன்றுவிடும், சொரசொரப்பான துணிதான் சரி. வெப்பம் 36 டிகிரியில் தொடங்கி வாரம் மூன்று டிகிரி குறைப்பேன். எண்ணைவிடக் குஞ்சைப் பாருங்கள்: விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு.

மூன்றாவது வாரம் மார்பு செம்பழுப்பானால் ஆண், புள்ளி விழுந்தால் பெட்டை. ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெட்டை போதும். ஆண் கூடினால் மண்டையைக் கொத்திக் கிழிக்கும். மிரண்டால் நேராக மேலே பாயும் பறவை இது, கூண்டின் கூரைக்கு உள்பக்கம் துணி கட்டுங்கள். ஏழாவது வாரம் முட்டை வந்தது.

இரண்டாம் வருடம் திருப்பும் மோட்டார் நின்றுபோனது. பென்சிலில் குறி போட்டு நாளுக்கு மூன்று முறை கையால் திருப்புகிறேன், பொரிப்பில் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது கினிக்கோழி முட்டை எட்டு உள்ளே இருக்கிறது. காடைத் தட்டில் அது உட்காராது, மோட்டார் இருந்தும் உதவியிருக்காது. 26 முதல் 28 நாள் கணக்கு. இன்று 19.