லினக்ஸுக்கு எந்தக் குட்டி மிடி கீபோர்டு? 25 கட்டையில் மூன்று மாடல்கள்

அகாய் எம்பிகே மினி எம்கே3, ஆர்ட்டூரியா மினிலேப் 3, நோவேஷன் லாஞ்ச்கீ மினி எம்கே3. மிடி என்பது எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்பதுபோன்ற இசைத் தகவலைக் கணினிக்கு அனுப்பும் முறை. மூன்றும் யுஎஸ்பி மிடி பொதுத் தரத்தில் இயங்குபவை. டிரைவர் தேடி அலைய வேண்டாம், செருகியதும் லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவில் தெரியும். தெரியவே இல்லையென்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா போகாது. உண்மையான வித்தியாசம், ஒரு பேடின் (விரலால் தட்டும் சதுரம்) நோட்டையோ நாபின் (திருகும் குமிழ்) சிசி எண்ணையோ (அந்தக் குமிழ் எதை மாற்றும் என்று குறிக்கும் மிடி எண்) மாற்ற நினைக்கும்போதுதான் வெளிப்படும்.

இங்கே லாஞ்ச்கீ முந்திவிடுகிறது. இவற்றை மாற்ற உதவும் அதன் கம்போனன்ட்ஸ் எடிட்டர் பிரவுசரிலேயே ஓடும். குரோமியம் பிரவுசரில் திறந்து, மிடி அனுமதி கேட்கும்போது சம்மதித்தால் போதும். அகாய், ஆர்ட்டூரியா எடிட்டர்கள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே. ஒருமுறை வேறு கணினியில் மாற்றிச் சேமித்தால் கீபோர்டின் நினைவகத்திலேயே தங்கிவிடும் என்பது ஆறுதல். அதுகூட இல்லாமல் சமாளிக்கலாம்: ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஜெனரிக் மிடி என்ற வசதியை இயக்கி, கீபோர்டின் போர்ட்டை (மிடி தகவல் போகும் வழி) அதனுடன் இணைத்துவிட்டு, கன்ட்ரோல் விசையோடு மவுஸின் நடுப் பொத்தானால் திரையில் உள்ள ஃபேடரை (நகர்த்தும் கட்டுப்பாடு) சொடுக்கி, நாபைத் திருப்பினால் இணைந்துவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் போர்ட். மினிலேப் நான்கு போர்ட்டாகத் தெரியும், லாஞ்ச்கீ இரண்டாக. தவறானதை இணைத்தால் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வராது. வரும் மிடி தகவலைத் திரையில் காட்டும் ஏசெக்டம்ப் (aseqdump) கட்டளையை ஒவ்வொரு போர்ட்டிலும் ஓட்டி, எதில் நோட் வருகிறதென்று பார்த்துவிட்டு, இணைப்புகளைப் படமாகக் காட்டும் கியூபிடபிள்யூகிராஃபில் (qpwgraph) அதையே இழுத்து இணையுங்கள். ஏசெக்டம்ப் சேனலை 0-இலிருந்து எண்ணும்; டிரம் சேனல் 10 அங்கே 9 என்றுதான் வரும்.

கட்டையை அழுத்திய பிறகு சத்தம் வர ஆகும் தாமதத்துக்குக் கீபோர்டைக் குறை சொல்ல வேண்டாம். 48,000 ஹெர்ட்ஸில், லினக்ஸின் ஒலியைக் கையாளும் பைப்வயரின் குவான்டம் (ஒரு தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 1024 என்றால் அந்த பஃபர் மட்டுமே 21 மில்லிசெகண்ட். 128-க்கு இறக்கினால் 2.7.

கைக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. எம்பிகேயில் பிட்ச் (சுருதியை வளைப்பது), மாடுலேஷன் (ஒலிக்கு அசைவு தருவது) இரண்டுக்கும் ஒரே ஜாய்ஸ்டிக். விட்டதும் நடுவுக்குத் திரும்பும். அதனால் மாடுலேஷனைப் பாதியில் நிறுத்திவைத்து வாசிக்க முடியாது. நீளமாக இழுக்கும் ஒலிகளில் இது பெரிய குறை. மற்ற இரண்டிலும் தொடுபட்டை, மாடுலேஷன் விட்ட இடத்தில் நிற்கும். லாஞ்ச்கீயின் நாப்கள் முட்டி நிற்பவை: மென்பொருளில் மதிப்பு 90, நாப் 20-இல் இருந்தால், ஒன்று மதிப்பு திடீரெனத் தாவும் அல்லது நாப் 90-ஐத் தொடும்வரை எதுவும் நகராது. மற்ற இரண்டின் நாப்கள் முடிவில்லாமல் சுழலும்.

பெட்டியோடு வரும் மென்பொருளை மதிப்பில் சேர்க்காதீர்கள். ஆர்ட்டூரியாவின் ஒலித் தொகுப்பான அனலாக் லேப் லினக்ஸில் கிடையாது. அந்த இடத்தை சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச மென்பொருள் சிந்தசைசர் தாராளமாக நிரப்பும்.

வெளியே ஒரு சிந்தசைசர் இருந்தால் மினிலேப்தான்: முழு அளவு 5 பின் மிடி அவுட், கூடவே 4 ஃபேடர். லாஞ்ச்கீக்கு 3.5 மிமீ அடாப்டர் வேண்டும், எம்பிகேயில் மிடி அவுட் வாசலே இல்லை. விரலால் டிரம் அடிப்பவருக்கு மட்டும் எம்பிகேயின் பெரிய பேடுகள் நியாயம். மற்ற எல்லோருக்கும், விண்டோஸ் பக்கமே போகாதவர்களுக்கு முக்கியமாக, லாஞ்ச்கீ.